மேகத்தைப் பார்த்து இடிமழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: மேகங்களைப் பார்த்தே இடிமழை வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எதைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு நேரம் முன்னால் தெரியும்? கூடவே ஒரு துணைக் கேள்வி: வானம் கறுத்துக்கொண்டு வந்தால் இடி நிச்சயமா?

துணைக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலானவர்கள் சறுக்குவது அங்கேதான். கறுப்புக்கும் இடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மேகம் கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதன் தடிமன். மேலே விழும் சூரிய ஒளியை அதிலுள்ள நீர்த்துளிகள் மேலும் பக்கவாட்டிலும் சிதறடித்துவிடுகின்றன. அடிப்பக்கம் வந்து சேரும் ஒளி குறைவு, அதனால் அடியில் நிற்கும் நமக்கு இருட்டாகத் தெரிகிறது. நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்யும் கார்படை மேகமும் கன்னங்கரேலென்றுதான் இருக்கும், ஆனால் அதில் இடி பெரும்பாலும் இருக்காது. மாறாக, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வெயிலில் நிற்கும் இடிமேகத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும். அழகாக இருக்கிறதே என்று படம்கூட எடுப்போம். ஒரு மணி நேரம் கழித்து அதே மேகம் நம் தலைக்கு மேல் வரும்போதுதான் கறுப்பு.

ஆகவே நிறம் என்பது மிகவும் தாமதமாக வரும் அறிகுறி. கறுப்பைப் பார்த்துச் சுதாரிக்கிறவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட அவகாசம்தான் கிடைக்கும். உயரத்தையும் ஓரத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு ஒரு மணி நேரம், சில நாட்களில் அரை நாள்கூட, முன்னதாகவே தெரிந்துவிடும். நான் மலையேற்றக் குழுக்களோடு சுற்றத் தொடங்கிய காலத்தில் கற்றுக்கொண்டது இது. மரம் எதுவுமில்லாத முகட்டில் நிற்கும்போது அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும்.

முதலில் மேகம் எப்படி வளர்கிறது என்று பார்த்துவிடுவோம். வெயிலில் தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்புகிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸ். ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி இனி ஆவியாக இருக்க முடியாது என்ற நிலை வருகிறது. அங்கே துளிகள் உருவாகின்றன. அதுதான் மேகத்தின் அடிப்பாகம். திரள் மேகங்களின் அடி ஏன் கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையாக இருக்கிறது என்பதற்கு விடையும் இதுதான். அந்தப் பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் அந்த மாற்றம் நடக்கிறது.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தரையில் உள்ள வெப்பநிலையிலிருந்து பனிநிலை வெப்பநிலையை (அதாவது, அந்தக் காற்றைக் குளிர்வித்தால் எந்த வெப்பநிலையில் ஈரம் துளியாகத் தொடங்குமோ அதை) கழித்து, 125ஆல் பெருக்கினால் மேக அடியின் உயரம் மீட்டரில் வரும். வெப்பம் 32 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்றால் 8 பெருக்கல் 125, அதாவது 1,000 மீட்டர். அடி தாழ்வாக இருந்தால் காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். இடிமழைக்கு அது நல்ல தீனி.

கதையின் சூடான பகுதி இனிமேல்தான். நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிலோ நீராவிக்குச் சுமார் 25 லட்சம் ஜூல். அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று முன்புபோல வேகமாகக் குளிர்வதில்லை, ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிராக இருக்கும்வரை மேகத்துக்குள் இருக்கும் காற்று லேசானது, அது ஏறிக்கொண்டே இருக்கும். மேகம் தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு ஏறுகிறது என்று சொல்லலாம். சாதாரண இடிமேகத்தில் மேலெழும் காற்றின் வேகம் நொடிக்குப் பத்து இருபது மீட்டர். மிகக் கடுமையானவற்றில் 50 மீட்டரைத் தொடும்.

சரி, வானத்துக்கு வருவோம். திரள் மேகத்தை மூன்று பருவமாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதல் பருவத்தில் அது பஞ்சுப் பொதி. அகலம் அதிகம், உயரம் கம்மி. நல்ல வானிலையின் அடையாளம். இரண்டாவதில் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். இன்னும் பயமில்லை, ஆனால் கவனிக்கத் தொடங்கலாம். மூன்றாவதில் உயரம் அகலத்தைத் தாண்டிவிடுகிறது. கோபுரம்போல எழும்புகிறது, மேற்பரப்பு காலிபிளவர்போல மொக்கு மொக்காக, ஒவ்வொரு மொக்கும் கூர்மையான விளிம்போடு, செதுக்கி வைத்ததுபோல இருக்கும். இது கோபுரத் திரள் மேகம். மழை பெய்யலாம், இடி இன்னும் இல்லை. ஆனால் அடுத்த பருவம் இடிமேகம்தான்.

இதில் கடிகாரமும் முக்கியம். கோபுரங்கள் மாலை நான்கு மணிக்கு மேல் எழுந்தால் பல நாட்களில் அப்படியே ஓய்ந்துவிடும். தரையின் சூடு குறைந்துகொண்டிருக்கும், தீனி பத்தாது. அதே கோபுரங்கள் முற்பகல் பதினோரு மணிக்கே எழுந்துவிட்டால், அன்றைய நாளின் உச்சச் சூடு இன்னும் வரவே இல்லை என்று அர்த்தம். அன்று திறந்தவெளித் திட்டம் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன். நிலத்துக்குத்தான் இந்தக் கணக்கு. கடலுக்கு மேல் இடிமழை இரவிலும் விடிகாலையிலும் அதிகம்.

ஒரு மேகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். தூரத்தில் ஒரு மரக்கிளையையோ கட்டட விளிம்பையோ குறியாக வைத்துக்கொண்டு, அதற்கு நேராகத் தெரியும் மேகத்தின் உச்சியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உச்சி குறியைத் தாண்டி ஏறியிருக்கிறதா? மொக்குகள் பொங்கும் பாலைப்போல உருண்டு வருகின்றனவா? அல்லது உச்சி கரைந்து, ஓரங்கள் கிழிந்த துணியாகி, மேகம் மெலிகிறதா? கரைகிறதென்றால் மேலே காற்று வறண்டிருக்கிறது, மேகத்தை அது தின்றுவிடுகிறது. ஒரு கோபுரம் கரைந்த இடத்திலேயே அடுத்தது எழுந்து, அது முந்தையதைவிடக் கொஞ்சம் உயரமாகப் போய், பிறகு கரைந்தால் ஏமாறக் கூடாது. கரைந்தவை மேலிருக்கும் வறண்ட காற்றுக்கு ஈரம் ஊட்டிவிட்டுப் போகின்றன. நான்காவதோ ஐந்தாவதோ கோபுரம் தாண்டிவிடும்.

சில சமயம் வேகமாக ஏறும் கோபுரத்தின் உச்சியில் மெல்லிய பட்டுத்துணி போர்த்தியதுபோல ஒரு வெண்ணிறத் தொப்பி தெரியும். மேலே இருக்கும் ஈரமான காற்றடுக்கை மேகம் முட்டித் தள்ளுவதால் உண்டாவது அது. ஓரிரு நிமிடம்தான் நிற்கும், பிறகு கோபுரம் அதைக் கிழித்துக்கொண்டு மேலே போய்விடும். தொப்பியைப் பார்த்தால் மேகம் அசுர வேகத்தில் வளர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான இடம். கோபுரத்தின் உச்சியில் கூர்மையாக இருந்த மொக்குகள் ஒரு கட்டத்தில் மங்கத் தொடங்கும். காலிபிளவர் விளிம்பு போய், வாரிவிட்ட நரைமுடிபோல, இழை இழையாக, கொஞ்சம் தேய்த்து அழித்த பென்சில் கோடுபோல ஆகும். மேகம் பலவீனமாகிறது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. உச்சி பனிக்கட்டியாக மாறிவிட்டது. நீர்த்துளி மேகத்தின் ஓரம் காற்றில் பட்டதும் ஆவியாகிவிடும், அதனால் விளிம்பு கூர்மை. பனிப்படிகம் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. காற்றோடு இழுபட்டுப் பரவும், அதனால் விளிம்பு மங்கல்.

பனிக்கும் மின்னலுக்கும் என்ன சம்பந்தம்? மேகத்துக்குள் பூஜ்யத்துக்குக் கீழே போன பின்னும் நிறையத் துளிகள் உறையாமல் நீராகவே இருக்கும். குறிப்பாக மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரையுள்ள பகுதியில், அந்தக் குளிர்நீரைப் பூசிக்கொண்டு வளரும் சிறு பனி உருண்டைகளும் லேசான பனிப்படிகங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. மோதும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. உருண்டை பெரும்பாலும் எதிர் மின்னூட்டத்தோடு நடுப்பகுதியில் தங்க, படிகம் நேர் மின்னூட்டத்தோடு காற்றில் மேலே போகிறது. கோடிக்கணக்கான மோதல்கள் சேர்ந்து மேகத்தின் மேலும் நடுவும் இரண்டு முனைகளாகப் பிரிந்துவிடுகின்றன. உச்சி மங்கத் தொடங்கிவிட்டால் இந்த இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் மின்னலுக்கு அதிக நேரமில்லை. எனக்கு ஒரே ஓர் அடையாளத்தை மட்டும்தான் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன்: விளிம்பு மங்கினால் கிளம்பிவிடுங்கள்.

இதற்கு அடுத்த கட்டம் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் கொல்லன் பட்டடை வடிவம். மேகம் வளிமண்டலக் கீழடுக்கின் உச்ச எல்லையை முட்டுகிறது. அதற்கு மேலுள்ள காற்று உயரம் போகப்போகக் குளிராமல் சூடாகத் தொடங்குவதால் மேகக்காற்று தன் மிதப்பை இழந்து, மேலே ஏற வழியின்றிப் பக்கவாட்டில் பரவுகிறது. கூரையை முட்டிய புகைபோல. இந்தக் கூரை வெப்பமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். நடு அட்சரேகைகளில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை. பட்டடையின் தட்டையான மேற்பரப்புக்கு நடுவே ஒரு புடைப்பு எழுந்து, பத்து நிமிடத்துக்கு மேல் அடங்காமல் நிற்கிறதென்றால், உள்ளே காற்று கூரையையே குத்திக்கொண்டு போகிறது. ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் எதிர்பார்க்க வேண்டிய மேகம் அது.

1802இல் லண்டன் மருந்து வணிகர் லூக் ஹோவர்ட் மேகங்களுக்குக் கீற்று, திரள், படை என்ற பொருளில் லத்தீன் பெயர்கள் வைத்தார். இன்றைய பத்து வகைப் பட்டியலும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. அதில் இடிமேகத்துக்குப் பெயர் கியூமுலோநிம்பஸ், நம் பாடநூல்களில் கார்திரள் மேகம். விமானிகள் சுருக்கமாக 'சிபி' என்பார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள். 1959 ஜூலை 26 அன்று வில்லியம் ராங்கின் என்ற அமெரிக்க விமானிக்குச் சுற்றிப்போக வாய்ப்பில்லை. 47,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றுபோக, விமானத்திலிருந்து குதித்தார். கீழே கார்திரள் மேகம். பத்து நிமிடத்தில் தரையிறங்கியிருக்க வேண்டியவரை மேலெழும் காற்று பாராசூட்டோடு மறுபடி மறுபடி மேலே தூக்கியெறிந்தது. தரைக்கு வந்து சேர சுமார் 40 நிமிடம் ஆனது. பிழைத்துக்கொண்டார். வெளியிலிருந்து பார்க்கையில் அசையாத மலைபோல நிற்கும் மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அரை நாள் முன்னதாகவே தெரியும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது காலை வானத்தில். விடிந்து சூரியன் கொஞ்சம் ஏறியதும் நடு உயரத்தில், அதாவது தரையிலிருந்து சில கிலோமீட்டர் மேலே, மெல்லிய மேகக் கோடு ஒன்று தெரியலாம். அந்தக் கோட்டின் மேல்பக்கம் கோட்டை மதில்மேல் கொத்தளங்கள் நிற்பதுபோலச் சின்னச் சின்னப் புடைப்புகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தரையின் சூடு அவ்வளவு உயரத்துக்கு இன்னும் போயிருக்காது. அப்படியும் மேகம் தானாக நிமிர்கிறதென்றால், அந்த உயரத்துக் காற்று ஏற்கெனவே நிலையற்று இருக்கிறது. பத்து மணிக்குள் இந்த மேகங்கள் மறைந்து வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாகிவிடும். 'மேகமே இல்லையே' என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் அந்த நாளில்தான் பிற்பகலில் வெடிக்கும்.

வெடிக்காமலும் போகலாம். தரைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேலே சூடான காற்றடுக்கு ஒன்று பாத்திரத்துக்கு மூடிபோல உட்கார்ந்திருக்கும் நாட்கள் உண்டு. திரள் மேகங்கள் அந்த மூடியை முட்டித் தட்டையாகிவிடும். எல்லா மேகமும் ஒரே உயரத்தில் தலை நசுங்கி நின்றால் மூடி இருக்கிறது என்று பொருள். மாலைவரை மூடி தாங்கினால் அன்று மழையே இல்லை. ஆனால் மூடிக்குக் கீழே சூடும் ஈரமும் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டிருக்கும். மூன்று நான்கு மணிக்கு எங்காவது ஓரிடத்தில் மூடி பிய்ந்தால், அங்கே எழும் ஒற்றைக் கோபுரம் இருபது முப்பது நிமிடத்தில் பட்டடையாகிவிடும். தனியே நிற்கும் இந்தக் கோபுரத்தை நான் கூட்டமாக நிற்கும் பத்துக் கோபுரங்களைவிட அதிகம் மதிப்பேன். அதற்குத் தீனிக்குப் போட்டி கிடையாது.

அப்புறம், 'மேகம் தெரிகிறது, அது நம் பக்கம் வருமா?' இதற்குப் பெரும்பாலும் தவறான விடைதான் சொல்லப்படுகிறது. முகத்தில் படும் காற்றைப் பார்த்துவிட்டு, 'காற்று மேகத்தை நோக்கி வீசுகிறது, அதனால் அது விலகிப் போகும்' என்பார்கள். தரைக்காற்று இடிமேகத்தை நகர்த்துவதில்லை. மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுதான் நகர்த்துகிறது. தரையில் நாம் உணர்வது பல சமயம் அந்த மேகம் தன் தீனிக்காக உள்ளிழுக்கும் காற்று. நம் முதுகிலிருந்து மேகத்தை நோக்கிக் காற்று போகிறதென்றால் நாம் அதன் வாய்க்கு முன்னால் நிற்கிறோம் என்றுகூட இருக்கலாம். மேகம் காற்றை எதிர்த்து வருகிறதே என்று ஆச்சரியப்படுவது இதனால்தான்.

கடலில் இரண்டு கப்பல்கள் மோதுமா என்று மாலுமிகள் பார்க்கும் வழி இங்கேயும் பலிக்கும். மேகத்தின் மழைத்தூணை ஒரு கம்பத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். நீங்கள் அசையாமல் நிற்க, பத்து நிமிடத்தில் அது கம்பத்துக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால், பெரும்பாலும் உங்களைக் கடந்து போய்விடும். அதே இடத்திலேயே இருந்துகொண்டு பெரிதாகிக்கொண்டே போனால் நேராக உங்களிடம்தான் வருகிறது.

தூரத்துக்கும் ஒரு கைக்கணக்கு சொல்கிறேன். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் பார்வையில் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து மேக உச்சிவரை எத்தனை முஷ்டி என்று அளந்துகொள்ளுங்கள். உச்சி 12 கிலோமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முஷ்டி உயரத்தில் தெரியும் மேகம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி. இரண்டு முஷ்டி என்றால் 33. மூன்று முஷ்டி என்றால் 20 சொச்சம். உச்சி 16 கிலோமீட்டர் இருக்கும் என்று தோன்றினால் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். மேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இரண்டு முஷ்டி உயரத்தில் தெரியும் மேகம் வந்துசேர ஐம்பது நிமிடம். பட்டடை நம் பக்கம் நீண்டிருந்தால் கணக்கு தப்பும் என்பதால், பட்டடையின் நுனியை விட்டுவிட்டுத் தடிமனான தண்டின் உச்சியை அளக்க வேண்டும். துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். 'இன்னும் நேரம் இருக்கிறது', 'இல்லவே இல்லை' என்ற வித்தியாசம் தெரிந்தால் போதும்.

இந்தக் கணக்கைக் கெடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல் ஃபுளோரிடாவிலும் 1947இல் ஓஹையோவிலும், போர் விமானங்களை வெவ்வேறு உயரங்களில் இடிமேகங்களுக்குள்ளேயே ஓட்டி ஆராய்ந்தார்கள். ஹோரேஸ் பயர்ஸும் ராஸ்கோ பிரகாமும் எழுதிய அறிக்கையிலிருந்துதான் இடிமேகத்தின் மூன்று கட்டங்கள் பாடப்புத்தகத்துக்கு வந்தன: காற்று ஏறும் இளமை, ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தே இருக்கும் முதிர்ச்சி, இறக்கம் மட்டுமே மிஞ்சும் முடிவு. ஒரு மேக அறையின், அதாவது இப்படி ஏறி இறங்கும் ஒரு தனிக் காற்றோட்டத்தின், மொத்த ஆயுளே அரை மணி முதல் ஒரு மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பது வருமுன் செத்துவிடுமே? செத்துவிடும். ஆனால் அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, முன்னால் இருக்கும் சூடான காற்றை ஆப்புபோல நெம்பித் தூக்கிப் புதிய அறைகளை எழுப்பும். நம்மை வந்தடைவது அதன் பிள்ளையாகவோ பேரனாகவோ இருக்கும்.

அந்தக் குளிர்காற்றின் முன்னணியைக் கண்ணால் பார்க்கவும் முடியும். மழைக்கு முன்னால் தாழ்வாரம் இறங்கியதுபோல, தரையை நோக்கிச் சரிந்த நீண்ட மேகப்பட்டை ஒன்று வரும். சில சமயம் அது தாய்மேகத்திலிருந்து பிரிந்து, சுருட்டிய பாய்போல உருண்டும் வரும். இது தலைக்கு மேல் வரும் நேரம் காற்று சட்டென்று திசை மாறும், வெப்பம் சில நிமிடத்தில் பல டிகிரி இறங்கும், மண்வாசனை அடிக்கும். மண்வாசனை மூக்கில் ஏறினால் பக்கத்தில் எங்கோ ஏற்கெனவே பெய்கிறது என்று பொருள். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் இந்தப் பட்டை சுழல்காற்று அல்ல. ஆபத்து அதன் பின்னால் வரும் நேர்க்காற்றில்தான். கூடாரம் அடித்திருந்தாலோ படகில் இருந்தாலோ இந்தக் கட்டத்தில் தாமதமாகிவிட்டது.

மழை தரையைத் தொடாமல் திரைச்சீலையின் கிழிந்த நுனிபோலப் பாதியிலேயே தொங்கி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். 'ஏமாற்று மழை' என்று அலட்சியம் செய்ய வேண்டாம். துளிகள் ஆவியாகும்போது காற்றைக் குளிர்வித்துக் கனமாக்குகின்றன. அந்தக் காற்று தடாலென்று தரையில் விழுந்து நாலாபுறமும் சிதறும். 1975இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று இடிமழைக்குள் விழுந்தது. அதை ஆராய்ந்துதான் வானிலை ஆய்வாளர் தெட்சுயா ஃபுஜிட்டா இப்படிச் சட்டென்று விழும் காற்றைப் பற்றி உலகுக்குச் சொன்னார். நல்ல மழைக்குள்ளும் இது நிகழும், தரை தொடாத மழைக்கு அடியிலும் நிகழும்.

இனி இரண்டு நம்பிக்கைகள். பட்டடையின் அடியில் பசுவின் மடிபோலப் பைபையாகத் தொங்கும் மேகங்களைப் பார்த்தால் பேரழிவு வருகிறது என்று சொல்வார்கள். அவை பெரும்பாலும் மேகம் கடந்துபோகும்போது, பின்பக்கத்தில் தெரிபவை. பக்கத்தில் இடிமேகம் இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. பச்சை நிற வானம் என்றால் ஆலங்கட்டி நிச்சயம் என்பது இன்னொன்று. மிகத் தடிமனான, நீர் நிறைந்த மேகம், சாய்ந்த வெயில் இரண்டும் சேர்ந்தால் பச்சை தெரியலாம். ஆலங்கட்டி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அவ்வளவு தடிமனான மேகத்தின் கீழ் நிற்பதற்கு எந்த நல்ல காரணமும் இல்லை.

மேகத்தைப் படிப்பது தோற்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். வானம் முழுக்கச் சாம்பல் படலம் மூடியிருந்தால் அதற்குள் புதைந்திருக்கும் கோபுரம் தெரியாது. நான் ஒருமுறை இப்படி மாட்டியிருக்கிறேன். நடு உயரத்தில் சீரான படை மேகம், மெல்லிய தூறல், கோபுரம் எதுவும் இல்லை. இன்று இடிக்காது என்று குழுவிடம் நானே அடித்துச் சொன்னேன். அரை மணியில் தலைக்கு மேலேயே முதல் இடி. திரும்பி யோசித்தபோதுதான் புரிந்தது. தூறல் திடீரென்று நின்று, கொட்டி, மறுபடி நின்றது. படலத்தின் ஒரு பகுதி மட்டும் மற்றதைவிட இருட்டாக நகர்ந்துகொண்டிருந்தது. படை மேகம் சீராகப் பெய்யும். விட்டுவிட்டுக் கொட்டினால் உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்கவே இல்லை, கோபுரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நாளுக்குப் பிறகு பையில் ஒரு சின்ன மத்திய அலை வானொலி வைத்திருக்கிறேன். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்தால், ஒவ்வொரு மின்னலுக்கும் 'க்ரக்' என்று ஒரு வெடிப்புச் சத்தம் கேட்கும். பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி அடிக்கும் மின்னலும் அதில் விழும். சத்தம் அடிக்கடியும் பலமாகவும் ஆகிக்கொண்டே போனால் நெருங்குகிறது. பண்பலையில் இது அவ்வளவாகக் கேட்காது. கைபேசியில் ரேடார் படம் கிடைக்கும் இடத்தில் அதைப் பார்ப்பதே மேல் என்பதை மறுக்கவில்லை. கிடைக்காத இடங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இரவில் மேகம் தெரியாது, மின்னல் தெரியும். அடிவானத்தில் சத்தமே இல்லாமல் பளிச்சிடுவதை 'வெப்ப மின்னல்' என்று தனி வகையாக நினைப்பார்கள். அப்படி ஒன்று இல்லை. சாதாரண மின்னல்தான், இடி நம் காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. இடியோசை சுமார் 15 கிலோமீட்டருக்கு மேல் அரிதாகவே கேட்கும். ஒளியோ, மேக உச்சி 12 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், 200 கிலோமீட்டர் தாண்டியும் தெரியும். பளிச்சென்பது அடிவானத்தை ஒட்டியே இருந்தால் தூங்கப் போகலாம். மணிக்கு மணி உயர்ந்துகொண்டே வந்தால் கூடாரத்தை விட்டுக் கிளம்பும் யோசனையைத் தொடங்க வேண்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். முப்பது நொடி என்றால் பத்து கிலோமீட்டர். இந்த எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. பத்து கிலோமீட்டர் என்றால் தூரம் என்று மனம் நினைக்கும். பட்டடையின் மேல்பகுதியிலிருந்து கிளம்பும் மின்னல், மழைத்தூணிலிருந்து 15 கிலோமீட்டருக்கு அப்பாலும், தலைக்கு மேல் நீல வானம் இருக்கும் இடத்தில்கூட இறங்கும். எனவே இடி காதில் விழுகிறதென்றால் நீங்கள் ஏற்கெனவே அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். நொடிகளை எண்ணுவது மேகம் நெருங்குகிறதா விலகுகிறதா என்று அறியப் பயன்படும். இன்னும் பத்து நிமிடம் ஆடலாமா என்று முடிவு செய்ய அல்ல.

போக வேண்டிய இடம் சுவரும் கூரையும் முழுதாக உள்ள கட்டடம், அல்லது கண்ணாடிகள் ஏற்றிய, உலோகக் கூரையுள்ள கார். காரைக் காப்பாற்றுவது டயர் ரப்பர் அல்ல. மின்சாரம் உலோகக் கூட்டின் வெளிப்புறமாக ஓடித் தரைக்குப் போய்விடுகிறது. தனி மரத்தடி, திறந்த மண்டபம், கூடாரம் மூன்றும் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. கட்டடத்துக்குள் போன பிறகு குழாய் நீர், கம்பி இணைப்புள்ள சாதனங்கள் இரண்டையும் தொடக் கூடாது.

கேள்வியில் கேட்காத, ஆனால் எல்லோரும் அடுத்துக் கேட்பது: எப்போது வெளியே வரலாம்? கடைசி இடி கேட்டதிலிருந்து முப்பது நிமிடம். நடுவில் ஒன்று கேட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. மழை நின்று, மேற்கே வெயில் அடித்து, வானவில்கூட வந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால் பட்டடையின் பின்பகுதி இன்னும் தலைக்கு மேலேயே, பைபையாகத் தொங்கும் மேகங்களோடு, மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். அது கடந்து போய், அதற்கப்பால் உள்ள திரள் மேகங்களின் உச்சி எப்படி இருக்கிறது என்று ஒரு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் நான் பையைத் தோளில் மாட்டுவேன்.